சுண்ணாம்பு குடித்த மூச்சு

கெட்ட காற்றை யாராவது திருடுவார்களா? புதுக்கொற்கையில் யாரோ திருடிக்கொண்டிருந்தார்கள்.

புதுக்கொற்கை என்பது செவ்வாய்க் கிரகத்தில் நிலத்துக்கடியில் குடைந்து கட்டிய குடியிருப்பு. எண்ணூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். வந்து இறங்கியவர்களில் பாதிப் பேர் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்கள் என்பதால் பழைய முத்துத் துறைமுகத்தின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். துறைமுகமும் இல்லை, முத்தும் இல்லை, ஒரு சொட்டுக் கடலும் இல்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெசிந்தா அந்த ஊரின் காற்று அதிகாரி. ஐம்பத்துநான்கு வயது. எந்த மூலையில் எந்த வாயு ஒரு குவளை குறைந்தாலும் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

அந்த மாதம்தான் நுட்பமான புதுக் கருவிகள் பொருத்தியிருந்தார்கள்; பத்துக் கிலோ கரியமில வாயுவைக் காணவில்லை. ஓட்டை விழுந்திருந்தால் எல்லா வாயுவும் சேர்ந்துதான் வெளியே போகும். ஓட்டைக்கு நல்லது கெட்டது பார்த்து எடுக்கத் தெரியாது. செடி ஏதாவது குடித்திருந்தால் பதிலுக்கு ஆக்சிஜன் கொடுத்திருக்கும். இதுவோ கெட்ட காற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒன்றும் தராமல் கமுக்கமாக இருந்தது. ஜெசிந்தா பகுதி பகுதியாகக் கருவிகளைச் சரிபார்த்தாள். கடைசியில் தெற்குச் சுரங்கம் அகப்பட்டது.

தெற்குச் சுரங்கத்தில்தான் ஆறு வருடத்துக்கு முன் பாறை சரிந்து அவள் கணவன் ரெமிஜியுஸ் செத்துப்போனான். அன்றோடு வேலையை நிறுத்திவிட்டார்கள். அதற்குப்பின் அவள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

மத்தியானம் பொதுச் சாப்பாட்டுக்கூடத்தில் தக்காளித் தொக்கு போட்டார்கள். வழக்கம்போலத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். அல்சர் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தாள். உண்மைக் காரணம் வேறு. செவ்வாயில் நீர் அரிது. முதல் பஞ்சத்தில் ஊரே நாக்கு வறண்டு கிடந்தபோது ஒரு சட்டம் வந்தது. செத்தவர் உடலை மீட்பகத்தில் கொடுத்துவிட வேண்டும். அங்கிருக்கும் இயந்திரம் உடலின் நீரையும் சத்தையும் பிரித்து ஊருக்குத் திருப்பித் தரும். நீர் குடிநீர்த் தொட்டிக்கு, சத்து தோட்டத்துக்கு. எரிக்கலாமே என்று கேட்டவர்களிடம், எரிக்க ஆக்சிஜனுக்கு எங்கே போவது என்று ஜெசிந்தாதான் பதில் சொன்னாள். சட்டத்தை எழுதியதே அவள்தான். எழுதிய மை காய்வதற்குள் முதல் ஆளாக ரெமிஜியுஸைக் கொடுக்க வேண்டி வந்தது. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணில் ஒரு சொட்டு வராமல் மீட்பகத்து வாசலில் ஒப்படைத்துவிட்டு வந்தாள். மறுமாதம் தோட்டத்தில் தக்காளி நன்றாகக் காய்த்தது. அன்றிலிருந்து அவள் தக்காளி தொடுவதில்லை.

கைப்பெட்டியை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்தாள்.

சுரங்க முகப்பில் சுவரில் ஆணியால் கீறிய ஒரு நங்கூரம் இருந்தது. பத்தடி தள்ளி ஒரு மீன். இன்னும் தள்ளி, அலகில் இலை பிடித்த ஒரு புறா. வேலையில்லாத எவனோ கிறுக்கியிருக்கிறான் என்று நினைத்தபடி போனாள். மூன்றாவது வளைவில் ஒரு வாசனை அவளை நிறுத்தியது. அந்த வாசனை அவளுக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஊரில் வீடு வீடாக வெள்ளையடிக்கும்போது வரும் ஈரச் சுண்ணாம்பு வாசனை.

திருடன் பிடிபட்டான். ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துத்தான் இறுகிக் கல்லாகிறது. அவள் தினமும் பார்க்கும் காற்று வடிகட்டிகளில் இருப்பதும் அதே சுண்ணாம்புதான்.

வளைவைத் தாண்டியதும் கஸ்பார் தெரிந்தான். சுரங்கக் குழுவின் தலைவன். ரெமிஜியுஸோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், அவனை அண்ணன் என்று கூப்பிட்டவன். பிணம் தூக்க வேறு யாரும் முன்வராததால் மீட்பக வேலையும் அவன் குழுவின் தலையில்தான் விழுந்திருந்தது. இப்போது கையில் கரணையோடு சுவரில் சாந்து பூசிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஓடவும் இல்லை.

"வாங்க மதினி," என்றான். "கொஞ்சம் பொறுங்க. சாந்து இறுகிரும். இத முடிச்சுக்கிடுதேன்."

அவன் முடிக்கும்வரை அவள் நின்று பார்த்தாள். இரண்டு பக்கச் சுவரிலும் ரயில் பெர்த் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக நீளப் பொந்துகள். ஒவ்வொன்றையும் பலகைக்கல் வைத்து, சாந்து பூசி மூடியிருந்தது. பெயர் எழுதவில்லை. மூடிய சாந்தில் ஏதாவது ஒரு சாமான் பதித்திருந்தது. ஒன்றில் மூக்குக்கண்ணாடி. ஒன்றில் பச்சைக் கண்ணாடி வளையல். ஒன்றில் சதுரங்கக் குதிரை. கஸ்பார் இப்போது பூசியதில் ஒரு ஹார்மோனியக் கட்டையை அழுத்தினான். போன வாரம் இறந்த பாட்டு வாத்தியாருடையது.

"இது என்ன கஸ்பார்?"

"படுக்கை மதினி."

"எனக்குச் சட்டம் தெரியும். வெளையாடாத."

கஸ்பார் கரணையைத் துடைத்து வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தான். "நா இங்க வர்றதுக்கு முந்தி ரோமாபுரியில பதினோரு வருசம் கொத்தனாரா இருந்தேன்லா. எங்க தெரியுமா? அங்க ஊருக்கு வெளிய மண்ணுக்கடியில கல்லறை இருக்கு. ஆதி கிறிஸ்தவங்க குடைஞ்சது. மைல் கணக்கா போகும். சரிஞ்சிராம பாத்துக்கிடுதது எங்க வேல. இதே மாதிரிதான், அடுக்கடுக்கா பொந்து. பணக்காரன் சலவைக்கல்லுல பேரு வெட்டி வச்சிருப்பான். எழுதப் படிக்கத் தெரியாதவன் என்ன செய்வான்? தம் புள்ளைய வச்சு மூடும்போது, சாந்து காயுறதுக்கு முன்ன, கையில என்ன இருக்கோ அத அமுக்கிருவான். சிப்பி, பொத்தான், பொம்ம. அடுத்த தடவ விளக்கப் புடிச்சுக்கிட்டு வரும்போது அதப் பாத்து எடத்தக் கண்டுபிடிப்பான்."

"ராஜாவுக்குப் பயந்து ஒளிஞ்சு இருந்தாங்களே, அந்த எடமா?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க. அங்க எவனும் ஒளியல மதினி. அதுக்குள்ள ரெண்டு நாள் இருக்க முடியாது, மூச்சு முட்டிரும். பொதைக்கதுக்கு யாரும் தடை சொல்லல. ஊருக்கே தெரியும். நாங்களும் ஒளியல. மாசாமாசம் எத்தன மூட்ட சுண்ணாம்பு எடுத்தோம்னு எழுதித்தான் குடுக்கோம். யாரும் வாசிக்கல."

அந்தத் தாள்களில் கீழே கையெழுத்துப் போடுவது யார் என்று அவன் சொல்லவில்லை. அவளுக்குச் சுருக்கென்றது.

"அப்போ தண்ணி? மீட்பகத்துல இருந்து ஒவ்வொரு தடவையும் நாப்பது லிட்டர் வந்துச்சே. எங்கேருந்து வந்துச்சு?"

"எங்க குழுவுல பன்னெண்டு பேரு. ஆளுக்குத் தெனம் நூறு மில்லி கொறச்சுக் குடிச்சோம். ஒரு மாசம் சொச்சத்துல ஒரு ஆளோட தண்ணி சேந்துரும். தோட்டத்துக்கு வெளிப்பாறையில இருந்து சத்து அரைச்சுக் குடுத்தோம். ஊருக்கு ஒரு சொட்டு நட்டம் கெடையாது."

"தண்ணியச் சரிக்கட்டுன. காத்த மறந்துட்ட."

கஸ்பார் விழித்தான். சுண்ணாம்பு காற்றைக் குடிக்கும் என்பது அந்தக் கொத்தனாருக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது வேறு. "ஆளுக வந்து உக்காந்து செபம் சொல்லுத எடத்துல சாந்து சீக்கிரம் இறுகும். ரோமாபுரியிலயும் பாத்திருக்கேன். ஏன்னு தெரியாது."

"மூச்சுதான். இங்க காத்து எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கு. காஞ்ச சுண்ணாம்பு குடிக்காது. மனுசன் மூச்சுலதான் ஈரமும் இருக்கு, கரியமில வாயுவும் இருக்கு." அந்த ரோமாபுரிச் சுவர்களில் இறுகிக் கிடப்பது அன்று அழுதவர்களின் மூச்சு. இவ்வளவு வருடமாக இந்த வேதியியலைக் கையில் வைத்துக்கொண்டு இதை ஒருநாளும் யோசிக்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆனாலும் அதிகாரி அதிகாரிதான். இன்னும் எவ்வளவு குடிக்கும் என்று தெரிந்தால்தான் அறிக்கை எழுத முடியும். பெட்டியிலிருந்து சொட்டு மருந்தை எடுத்தாள். வடிகட்டிச் சுண்ணாம்பைச் சோதிப்பதற்கு வைத்திருந்தது. காற்றைக் குடித்து முடித்த சுண்ணாம்பில் விட்டால் நிறம் மாறாது. குடிக்காமல் மிச்சம் இருந்தால் ரோஜா நிறமாகச் சிவக்கும்.

ஹார்மோனியக் கட்டைக்குப் பக்கத்தில் ஊசியால் சுரண்டி ஒரு சொட்டு விட்டாள். பளிச்சென்று சிவந்தது. புதுச் சாந்து, நியாயம்தான். அடுத்தது லேசான ரோஜா. வளையலில் மாற்றமே இல்லை. மூக்குக்கண்ணாடியில் இல்லை.

"இங்கெல்லாம் ஆளு வருவாங்களா?"

"எங்க பன்னெண்டு குடும்பந்தான் வரும். முறை வச்சு ஒவ்வொரு எடத்துலயும் உக்காந்து செபம் சொல்லுவோம். இந்து ஆளுகளுக்கு எங்கள்ல ரெண்டு பேரு தேவாரம் படிப்பாங்க."

நடந்துகொண்டே சொட்டு விட்டாள். சாமான்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தவையாக இருந்தன. மூக்குக்கண்ணாடி மின்வாரிய மீனாட்சிசுந்தரத்துடையது. பம்பரம், காய்ச்சலில் போன அந்தக் குழந்தையுடையது. கேட்டுக்கொண்ட இரண்டு மூன்று குடும்பத்துக்குச் செய்து கொடுத்திருக்கிறான் என்றுதான் அதுவரை நினைத்தாள். முப்பது தாண்டியதும் அவள் நடை தளர்ந்தது.

கடைசியில் ஒரு கதவு. அதற்குள்ளே தனியாகக் குடைந்த சிறு கிளை. ஒரே ஒரு பொந்து. எல்லாவற்றுக்கும் முந்தியது என்பது பூச்சிலேயே தெரிந்தது, செவ்வாய்ச் சாந்துக்குக் கை பழகுமுன் பூசிய பூச்சு. பழக்கத்தில் கை தானாகச் சுரண்டியது, சொட்டு விட்டது.

சிவந்தது. ஆறு வருடச் சாந்து, நேற்றுப் பூசினது போல ரோஜாவாகச் சிவந்தது.

"இதுக்கு யாரும் வரலியா?" என்று கேட்டாள்.

"வர வேண்டியவங்களுக்குச் சொல்லல," என்றான் கஸ்பார். "அவங்க வராம நாங்க எப்படி உள்ள போறது? அதான் கதவு போட்டுட்டோம்."

அவள் விளக்கை உயர்த்தினாள். சாந்தின் நடுவே ஒரு தூண்டில் முள் இருந்தது.

ரெமிஜியுஸின் முள். கடலே இல்லாத ஊருக்கு, சோதனைச் சாவடியில் எல்லாம் மறைத்து, எடுத்துக்கொண்டு வந்திருந்தான். எதற்கு என்று அவள் கேலி செய்யும்போதெல்லாம், கையில் இருக்கட்டும், யாருக்குத் தெரியும் என்பான். மீட்பகத்துக்குப் போகுமுன் அவள்தான் அதை அவன் சட்டைப் பையில் போட்டாள். உலோகம் தனியாகத் திரும்பி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோசம் இல்லை, ஆத்திரம்.

"என்னக் கேட்டியாலே?"

"இல்ல மதினி."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க வேண்டாம்னுதான் சொல்லணும். சட்டம் எழுதுனவங்க. ஊரு பாத்துக்கிட்டு இருந்துச்சு. அண்ணன அந்த மெசினுக்குள்ள தள்ள என் கையி ஓடல. அவ்வளவுதான். ஒருத்தருக்குச் செஞ்சத அடுத்தவருக்குச் செய்யாம இருக்க முடியல."

"ஆறு வருசம் கஸ்பார். ஒவ்வொரு நாளும் தண்ணி குடிக்கும்போது அவரக் குடிக்கேன்னு நெனச்சுக்கிட்டே குடிச்சேன். கொஞ்சம் கொஞ்சமா. தக்காளியத் தொடல."

"அது நாங்க குடுத்த தண்ணி மதினி," என்றான். "எனக்கு இது தெரியாது. சத்தியமா தெரியாது."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். மீட்பக வாசலில் வராத அழுகை முழுவதும் அங்கே வந்தது. கஸ்பார் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது கேட்டாள்: "அந்த நங்கூரம் எதுக்கு? இங்க கடலா இருக்கு?"

"ரோமாபுரிக் கல்லறையிலயும் கடல் இல்ல. நம்பிக்கைக்கு அதான் அடையாளம். அங்க செத்த தேதிய எழுதும்போது பொதைச்சாச்சுன்னு எழுத மாட்டாங்க. ஒப்படைச்சாச்சுன்னு எழுதுவாங்க. குடுத்துட்டோம்னு இல்ல, பத்திரமா வச்சிருக்கோம்னு."

மறுநாள் காலை அறிக்கை கொடுக்க வேண்டிய நாள். மறைக்கலாம். கருவிக் கோளாறு என்று ஒரு வரி எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. தெரிந்துவிட்டாலோ சட்டப்படி நாற்பத்தொரு பொந்தையும் திறந்து உடல்களை இயந்திரத்தில் போட வேண்டும். ரெமிஜியுஸை இரண்டாம் தடவை கொடுக்க வேண்டும். ஆனால் கேட்காமல் செய்ததற்குத்தானே கஸ்பார்மேல் ஆத்திரப்பட்டாள். சொல்லாமல் இருந்தால் நாற்பது குடும்பங்களுக்கு அவளும் அதையே செய்தவளாவாள். அந்த வீடுகளிலும் உண்மை தெரியாமல் யாராவது தக்காளியை ஒதுக்கிக்கொண்டிருப்பார்கள். உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

ஊர்த் தலைவி மங்கையர்க்கரசி அறிக்கையை இரண்டு முறை படித்தார். கும்பகோணத்துக்காரர். குரல் உயர்த்தாமலே ஆளை நடுங்கவைப்பவர்.

"நாற்பத்தொன்று," என்றார். "ஆறு வருஷத்துல இறந்தவங்களே நாற்பத்தொரு பேர்தான்."

"ஆமா மேடம்."

"திறக்கணும் ஜெசிந்தா. நீங்க எழுதின சட்டம்."

"நா எழுதுனது தண்ணிக்காக. தண்ணி வந்துருச்சு. பன்னெண்டு பேரு தாகத்தோட இருந்து குடுத்துருக்காங்க. காத்து என் பொறுப்பு. சுண்ணாம்ப வெளிய சுட்டு, அதுல வர்ற வாயுவ வெளிய விட்டுட்டு, உள்ள கொண்டுவந்து பூசுதோம். ஒரு மூடி இறுகுறதுக்குள்ள ஒரு ஆளு பதினஞ்சு நாள் விடுற கெட்ட காத்தக் குடிச்சிரும். வடிகட்டிக்கு அந்த அளவு வேல கொறையும். சின்ன விசயந்தான். ஆனா நட்டம் இல்ல. அதையும் மீறித் திறக்கணும்னா, முதல்ல என் வீட்டுக்காரர் எடத்தத் திறங்க. நா நிக்கேன்."

மங்கையர்க்கரசி மேஜையில் இருந்த சதுரங்கப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் நுரையீரல் நோயில் இறந்த அவர் தம்பி இளவழகனின் பலகை அது. ஒரு காய் குறைந்த பலகை.

"குதிரை ஒண்ணு அவன் கையிலேயே இருந்தது," என்றார். "போகட்டும்னு விட்டேன்."

"இடது பக்கம், நாலாவது வரிசை," என்றாள் ஜெசிந்தா.

தலைவி எழுந்து கதவைத் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்று காலை அவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அடுத்த வாரம் ஊர்க்கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னார்கள். எல்லாரும் கஸ்பாரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. இரண்டு பேர் அவன் சட்டையைப் பிடித்தார்கள். பச்சை வளையல்காரியின் மகன், "எங்கம்மா எலுமிச்சச் செடிக்குப் போகணும்னு ஆசப்பட்டாங்க. அத நீ யாருய்யா மாத்துறதுக்கு?" என்று கேட்டான். அந்தப் பொந்தைக் கஸ்பாரே தன் கையால் திறந்து, அம்மாவைத் தூக்கிக்கொடுத்து, மன்னிப்புக் கேட்டான். மீதி நாற்பது குடும்பமும் மூடியது மூடியபடி இருக்கட்டும் என்றது. சட்டத்தை ஜெசிந்தா திருத்தி எழுதினாள். இயந்திரமா, படுக்கையா என்பதைக் குடும்பம் சொல்லும். படுக்கை என்றால் தண்ணீரை விருப்பமுள்ள யாரும் பகிர்ந்து கொடுக்கலாம். கஸ்பார் குழுவின் நூறு மில்லி அன்றே நின்றது. இப்போது முந்நூறு பேர் ஆளுக்கு ஒரு மடக்குக் கொடுக்கிறார்கள்.

ஒரு வருடம் கழித்து, ரெமிஜியுஸின் நினைவுநாளில் தெற்குச் சுரங்கத்தில் சாப்பாடு நடந்தது. ரோமாபுரியிலும் அப்படித்தான், கல்லறைப் பக்கத்தில் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று கஸ்பார் சொல்லியிருந்தான். சோறும் தக்காளி ரசமும். மங்கையர்க்கரசி நாலாவது வரிசைக்குக் கீழே ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காலியான பொந்தில் அந்த மகன் கொண்டுவந்து வைத்த எலுமிச்சைக் கன்று இருந்தது.

ஜெசிந்தா ஒரு முழுத் தக்காளியை எடுத்துக்கொண்டு கிளைக்குள் போனாள். கதவை எப்போதோ கழற்றியாகிவிட்டது. ஒரு வருடமாக வேலை முடிந்ததும் தினமும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போகிறாள். வடிகட்டி தகராறு, சாப்பாட்டுக்கூட வம்பு, அவன் இல்லாமல் அவள் எடுத்த தப்பான முடிவுகள், எல்லாம். தக்காளியைக் கடித்தாள். சாறு முழங்கைவரை வழிந்தது. நல்ல புளிப்பு. ஏழு வருடத்தில் ருசி மறந்தே போயிருந்தது.

கையைத் துடைத்துவிட்டுச் சொட்டு மருந்தை எடுத்தாள். தூண்டில் முள்ளுக்குப் பக்கத்தில் சாந்தைக் கொஞ்சம் ஆழமாகச் சுரண்டி ஒரு சொட்டு விட்டாள். உள்ளே சிவந்தது. வெளி ஓரத்தில் மட்டும், நகக்கண் அகலத்துக்கு, நிறம் மாறாமல் வெள்ளையாக நின்றது. ஒரு வருடத்துப் பேச்சு அவ்வளவு தூரம் போயிருந்தது.

"இன்னும் நாலு விரக்கட இருக்கு, ரெமி," என்று சொல்லிவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "நேத்து எங்க விட்டேன்?"